பழைய காரில் நெடுந்தூரம்: டிக்கியில் என்ன வேண்டும், கைக்கெட்டும் தூரத்தில் என்ன வேண்டும்

கார் வாங்கியபோது கம்பெனி கொடுத்த ஜாக்கி இன்னும் டிக்கியில் கிடக்கிறது என்பதால் அது வேலை செய்யும் என்று நம்பிவிட வேண்டாம். பதினைந்து வருடம் தூசியிலும் ஈரத்திலும் கிடந்த ஜாக்கியின் மறை துருப்பிடித்து இறுகியிருக்கும். ஸ்டெப்னியில் பாதிக் காற்றுகூட இருக்காது. எச்சரிக்கை முக்கோணத்தின் ஒரு கால் உடைந்திருக்கும். காருக்கு வயதாகும்போது அதன் கருவிகளுக்கும் சேர்ந்தே வயதாகிறது. அதனால் புதிதாக எதையும் வாங்குவதற்கு முன், இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் இயக்கிப் பாருங்கள்.

பெங்களூரில் மாருதி 800, ஜென், சான்ட்ரோ, இண்டிகா, ஆம்னி போன்ற வண்டிகளை வைத்துக்கொண்டு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போய்வரும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. சில்க் போர்டு நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்துவிட்டு, அத்திப்பள்ளி தாண்டியதும் 90 கிலோமீட்டர் வேகம் எடுப்பது பழைய எஞ்சினுக்குக் கடினமான வேலை. திரும்பி வரும்போது இன்னும் கடினம். தொப்பூர் கணவாயில் ஒரு ஏற்றம், கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்கு இன்னொரு ஏற்றம். நிறைய சாமான், நான்கைந்து பேர், ஓடும் ஏசி. பழைய ரேடியேட்டர் கைவிடுவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

முதலில் உங்கள் மீது யாரும் மோதாமல் இருக்க வேண்டும்

பழுதை விடப் பெரிய ஆபத்து, நின்றுவிட்ட காரைப் பின்னால் வரும் லாரி கவனிக்காமல் போவது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே 40 மீட்டர் போய்விடும். அதனால் முக்கோணத்தை காருக்குப் பின்னால் பத்தடியில் வைப்பதில் பயனில்லை. நகரச் சாலையில் 50 மீட்டர், நெடுஞ்சாலையில் 100 மீட்டருக்குக் குறையாமல் வையுங்கள். சாதாரண நடையில் 100 மீட்டர் என்பது சுமார் 130 எட்டு. வளைவுக்கு அப்பால் நின்றுவிட்டீர்கள் என்றால் முக்கோணம் வளைவுக்கு முன்பே தெரிய வேண்டும்.

வாங்கும்போது அடிப்பகுதி கனமாக இருக்கிறதா என்று பாருங்கள். லேசான பிளாஸ்டிக் முக்கோணம் முதல் பஸ் கடந்தவுடனே காற்றில் சாய்ந்துவிடும். நடந்துபோய் வைக்கும்போது அதை விரித்து, பிரதிபலிக்கும் பக்கம் வண்டிகளைப் பார்த்திருக்க, நெஞ்சுக்கு முன் பிடித்துக்கொண்டு, சாலையின் ஓரத்துக்கு வெளியே நடங்கள். நம் ஊரில் கல்லையும் மரக்கிளையையும் அடையாளமாக வைக்கும் பழக்கம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். வண்டியை எடுத்துக்கொண்டு போனபின் அந்தக் கல் அங்கேயே கிடந்து இரவில் வரும் பைக்காரரின் உயிரை எடுக்கும்.

ஒளி பிரதிபலிக்கும் மேலாடை இரண்டு வாங்குங்கள். அவை டிக்கியில் இருக்கக் கூடாது. ஓட்டுநர் சீட்டின் அடியிலோ கதவுப் பையிலோ இருக்க வேண்டும். இறங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ளத்தானே அது. மற்றவர்கள் இடது பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால், காருக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ தள்ளி நிற்கட்டும். நின்ற காருக்குள் குழந்தைகளை உட்கார வைத்திருப்பது பாதுகாப்பல்ல. ஓரம் இல்லாத மேம்பாலத்தில் டயர் போனால், ஹஸார்ட் விளக்கைப் போட்டு, ஆட்கள் நடக்கும் வேகத்தில் பாலத்தை விட்டு இறக்கிவிடுங்கள். டயரும் ரிம்மும் நாசமானாலும் பரவாயில்லை.

ஹஸார்ட் சுவிட்ச் பழைய கார்களில் மாதக்கணக்கில் தொடப்படாமல் கிடந்து, தேவைப்படும் அன்று வேலை செய்யாது. கிளம்பும் முன் ஒருமுறை போட்டு, நான்கு விளக்கும் மின்னுகிறதா என்று வண்டியைச் சுற்றிப் பாருங்கள்.

சக்கரம் மாற்ற

ஸ்டெப்னியின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத டயராக இருந்தாலும் ரப்பர் காய்ந்துபோகும். ஆறு வருடம் தாண்டிய ஸ்டெப்னியை அடுத்த பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டிச் செல்ல மட்டும் நம்புங்கள். கோயம்புத்தூர் வரை நம்பாதீர்கள். காற்று தானாகவே குறையும் என்பதால், புத்தகத்தில் சொன்ன அளவைவிட 3 முதல் 5 பிஎஸ்ஐ கூடுதலாக அடித்து வையுங்கள்.

கருவிகள்: ஒரு டன் தாங்கும் கத்திரி ஜாக்கி, அதன் மறையில் கிரீஸ், 30 சென்டிமீட்டர் சதுரத்தில் 2 சென்டிமீட்டர் கனமுள்ள பிளைவுட் பலகை, இரண்டு சக்கரக் கட்டைகள், ஒரு பிளஸ் ஸ்பேனர், அதன் கையில் சொருக 60 சென்டிமீட்டர் இரும்புக் குழாய். காரோடு வந்த குட்டையான வீல் ஸ்பேனரால், காற்றுத் துப்பாக்கி வைத்து இறுக்கிய நட்டை ஒரு சராசரி ஆளால் அசைக்க முடியாது. மாருதியின் நட்டுகள் பெரும்பாலும் 19 மில்லிமீட்டர், ஹூண்டாயில் 21. அலாய் வீல் போட்டிருந்தால் நட்டின் அளவும் மாறியிருக்கலாம். ஸ்பேனரைப் பொருத்திப் பார்த்துவிட்டே வாங்குங்கள். பெங்களூரில் ஸ்பேனர், ஜாக்கி போன்றவற்றுக்கு எஸ்.ஜே.பி. ரோட்டுக்கும், உதிரி பாகங்களுக்கு ஜே.சி. ரோட்டுக்கும் போங்கள்.

பழைய காரில் ஜாக்கியை விடப் பெரிய பிரச்சினை, ஜாக்கி வைக்கும் இடம். கதவுக்கு அடியில் ஓடும் தகட்டு விளிம்பில் இரண்டு வெட்டுக்குறிகளுக்கு நடுவில்தான் வைக்க வேண்டும். அந்த விளிம்பு உள்ளிருந்தே துருப்பிடித்திருந்தால், வெளியே பெயின்ட் நன்றாக இருந்தாலும், ஜாக்கி தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறும். கார் கீழே இறங்கும். திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, மொத்தென்று கேட்டாலோ பொருக்கு உதிர்ந்தாலோ வெல்டிங் கடைக்குப் போங்கள். இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்துவிட வேண்டும்.

1. சமதளமான கெட்டித் தரையில் நிறுத்தி, முதல் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுங்கள்.

2. பஞ்சரான சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரே இருக்கும் சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். மாருதி 800, ஆல்டோ, சான்ட்ரோ போன்றவற்றில் கியர் பிடிப்பது முன்சக்கரங்களை. ஒரு முன்சக்கரத்தைத் தூக்கினால் அது சும்மா சுழலும், கியரின் பிடி போய்விடும். ஆம்னி, அம்பாஸிடரில் பின்சக்கரத்தைத் தூக்கினால் கியரின் பிடியும் போகும், ஹேண்ட் பிரேக்கில் ஒரு சக்கரம் மட்டுமே மிஞ்சும். கட்டை இல்லாமல் கார் நழுவுவதற்கு இதுதான் காரணம்.

3. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். தூக்கியபின் பலம் கொடுத்து இழுத்தால் கார் ஜாக்கியிலிருந்து சரியும்.

4. பலகையின் மேல் ஜாக்கி. ஸ்டெப்னியை எடுத்து ஜாக்கிக்குப் பக்கத்தில் காருக்கு அடியில் படுக்க வையுங்கள். ஜாக்கி சரிந்தாலும் கார் அதன்மேல் உட்காரும். உங்கள் கை நசுங்காது.

5. டயர் தரையிலிருந்து இரண்டு விரல் உயர்ந்ததும் நிறுத்துங்கள். காற்றுள்ள ஸ்டெப்னிக்கு இன்னும் கொஞ்சம் உயரம் தேவைப்படும். பழைய சக்கரத்தைக் கழற்றி, அடியில் கிடக்கும் ஸ்டெப்னியின் இடத்தில் மாற்றி வையுங்கள்.

6. நட்டின் கூம்புப் பக்கம் ரிம்மைப் பார்த்திருக்க, கையால் முடிந்தவரை திருகுங்கள். காரை இறக்கியபின் எதிரெதிர் வரிசையில் இறுக்குங்கள். 50 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை மறுபடியும் இறுக்கிப் பாருங்கள்.

இறுக்க, குழாயைச் சொருகாதீர்கள். அது தளர்த்த மட்டும். அதிக பலத்தில் திருகினால் போல்ட்டின் மறை போய்விடும்.

டியூப்லெஸ் டயருக்குத் திரிச் சொருகும் பஞ்சர் கிட் நல்ல துணை. ஆனால் உங்கள் காரில் டியூப் டயர் இருந்தால் அது எதற்கும் உதவாது. பழைய கார்களில் டியூப்லெஸ் டயருக்குள்ளேயே டியூப் போட்டு வைத்திருப்பதும் உண்டு. பஞ்சர் கடையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காற்றடிக்கும் 12 வோல்ட் பம்ப் 10 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் அதைத் தாங்காது. நேராக பேட்டரியில் கவ்வும் கிளிப் உள்ள பம்ப்பாக வாங்குங்கள். எஞ்சின் ஓடும்போது பம்ப்பை இயக்குங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே ஓட்டமாக விடாதீர்கள்.

பேட்டரி

ஒரு சாதாரண மல்டிமீட்டர் பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் காலி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். 13க்குக் கீழ் இருந்தால் குற்றம் பேட்டரியில் இல்லை, அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலோ அதைச் சுற்றும் பெல்ட்டிலோ. அந்த நிலையில் ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்தாலும் கொஞ்ச தூரத்தில் மறுபடி நிற்கும். சாவியைத் திருப்பினால் வெறும் டிக் டிக் சத்தம் மட்டும் வந்தால், ஜம்ப் கேபிளைத் தேடுவதற்கு முன் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, வாஸலின் தடவி மாட்டினாலே பல கார்கள் உயிர் பெறும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.

ஜம்ப் கேபிளில் ஏமாறுவது எளிது. கனமான ரப்பர் உறைக்குள் தலைமுடி போல நான்கு கம்பி இருக்கும். 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பி, மூன்று மீட்டர் நீளம் கேட்டு வாங்குங்கள். செம்புப் பூச்சு மட்டும் உள்ள அலுமினியக் கம்பி சூடாகி உருகும்.

இணைக்கும் வரிசை இதுதான். இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சிவப்பு, செத்த பேட்டரியின் பாஸிட்டிவில். அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பாஸிட்டிவில். கறுப்பு, நல்ல பேட்டரியின் நெகட்டிவில். அதன் மறுமுனை உங்கள் எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியின் மேல் ஹைட்ரஜன் வாயு இருக்கும். அதனால்தான் அங்கே இணைப்பதில்லை. நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு உங்கள் வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றுவது அப்படியே தலைகீழ் வரிசையில்.

கேபிள் இல்லாவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம்: சாவி ஆனில், இரண்டாம் கியரில், கிளட்சை மிதித்தபடி தள்ளி, வேகம் எடுத்ததும் கிளட்சைச் சட்டென்று விடுங்கள். கார்புரேட்டர் வண்டியில் இது நன்றாக வேலை செய்யும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரி முற்றிலும் செத்திருந்தால் பெட்ரோல் பம்ப்பும் கம்ப்யூட்டரும் விழிக்காது; தள்ளிப் பயனில்லை.

சூடேறினால்

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறுவதைப் பார்த்தவுடன் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் திறந்து விடுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டர் ஒரு சின்ன ரேடியேட்டர். ஓரம் கட்டியபின் பானெட்டிலிருந்து ஆவி வந்தால் உடனே எஞ்சினை அணையுங்கள்.

அரை மணி நேரத்துக்கு ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் அழுத்தம் போய், முழுவதும் ஒரே வீச்சில் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸை அழுத்திப் பார்த்து அது தளர்ந்து, கையால் தாங்கும் சூட்டுக்கு வந்தபின், கனமான துணி போட்டு மூடியைக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். சீறல் அடங்கியபின் முழுதும் திறங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை மடமடவென ஊற்றினால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் விரிசல் விடும். எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

இதற்காக வண்டியில் இருக்க வேண்டியவை: 5 லிட்டர் தண்ணீர், கலந்து தயாரான கூலன்ட் 1 லிட்டர், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப், உங்கள் ஹோஸின் அளவுக்குப் பொருந்தும் இரண்டு கிளிப், ஒரு பெல்ட். வெடித்த ஹோஸைத் துடைத்துக் காயவைத்து, டேப்பை நன்றாக இழுத்து ஒன்றன்மேல் பாதி ஏறும்படி நான்கைந்து சுற்று சுற்றினால் அடுத்த ஊர் வரை தாங்கும். ஈரத்தில் ஒட்டாது. அதன்பின் மூடியை முதல் பல்லில் மட்டும் நிறுத்தி ஓட்டினால் அழுத்தம் ஏறாது. ஆனால் தண்ணீர் சீக்கிரம் தீரும். பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, ஆறவிட்டுப் பாருங்கள்.

மாருதி 800இல் ஒரே பெல்ட்தான் தண்ணீர் பம்ப்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்து, கொஞ்ச நேரத்தில் முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். இதில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். எண்ணெய் ஊற்றும் மூடிக்கு அடியில் மோர் போல வெள்ளைப் பசை இருந்தாலும் அப்படியே: தண்ணீர் எண்ணெயில் கலக்கிறது, ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், இழுத்துச் செல்ல வண்டி கூப்பிடுங்கள்.

சின்ன உதிரிகளும் ஸ்பேனரும்

ஜப்பானிய, கொரிய வண்டிகளுக்கு 8, 10, 12, 14, 17 அளவு ஸ்பேனர்கள். டாடாவுக்கும் ஃபியட்டுக்கும் 13ம் வேண்டும். பழைய 1489 சிசி எஞ்சின் உள்ள அம்பாஸிடருக்கு அங்குல அளவு ஸ்பேனர். மில்லிமீட்டர் ஸ்பேனர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

ஃபியூஸ் ஒவ்வொரு அளவிலும் இரண்டு: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. 15 எரிந்த இடத்தில் 30 போடாதீர்கள், வெள்ளித்தாள் சுற்றாதீர்கள். ஃபியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும். ஒரு ஹெட்லைட் பல்பு, ஒரு பிரேக் லைட் பல்பு, ஒரு இண்டிகேட்டர் பல்பு போதும்.

கேபிள் கிளட்ச் உள்ள வண்டிகளுக்கு மாற்றுக் கிளட்ச் கேபிளும் ஆக்ஸிலரேட்டர் கேபிளும் கட்டாயம் வைத்திருங்கள். இரவில் தர்மபுரி பக்கம் மெக்கானிக் கிடைப்பார். உங்கள் மாடலின் கேபிள் அவரிடம் இருக்காது. மீதிக்கு எஞ்சின் ஆயில் 1 லிட்டர், குறடு, இன்சுலேஷன் டேப், இரும்புக் கம்பி, தலையில் மாட்டும் டார்ச். பிரேக் ஆயில் குறைந்திருந்தால் அதை ஊற்றிக்கொண்டு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். எங்கோ கசியக்கூடும், வண்டி நிற்க வேண்டும்.

தீ

2023 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த இந்திய எரிசக்தி வாரத்தில்தான் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனை தொடங்கி வைக்கப்பட்டது. பழைய கார்களின் ரப்பர் பெட்ரோல் ஹோஸ்கள் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால், எத்தனாலைத் தாங்கும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 வகை ஹோஸாக மாற்றுங்கள். ஃபியூஸ் இல்லாமல் நேராக பேட்டரியிலிருந்து இழுத்த ஹார்ன், கூடுதல் விளக்கு வயர்களும் தீக்குக் காரணம். சிஎன்ஜி பொருத்தியிருந்தால் சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்தாக வேண்டும்.

தீயணைப்பானாக ஐஎஸ்ஐ முத்திரையுள்ள 1 கிலோ ஏபிசி பவுடர் போதும். அதை முன்சீட்டுக்குக் கீழே கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். மாதம் ஒருமுறை முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்த்து, தலைகீழாகத் திருப்பிக் குலுக்குங்கள். வண்டியின் அதிர்வில் பவுடர் அடியில் இறுகிவிடும். புகை வந்தால் சாவியை அணைத்து எல்லோரையும் இறக்குங்கள். பானெட்டை முழுதாகத் தூக்காதீர்கள், காற்று புகுந்து தீ எழும். உள்ளிருக்கும் லீவரை மட்டும் இழுத்து, அந்த விரலளவு இடுக்கில் அடியுங்கள். பவுடர் பத்து நொடிக்குள் தீர்ந்துவிடும். அதற்குள் அடங்காவிட்டால் ஓடிவிடுங்கள், 112ஐ அழையுங்கள்.

தண்ணீர்

2023 மே மாதம் பெங்களூர் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி ஓர் இளம்பெண் இறந்தார். சக்கரத்தின் பாதி உயரத்துக்கு மேல் தண்ணீர் இருக்கும் சுரங்கப்பாதைக்குள் இறங்கவே கூடாது. சிக்கிவிட்டால் நொடிகளை வீணாக்காமல் சீட் பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி, ஜன்னல் வழியாக வெளியேறுங்கள். கதவைத் திறக்கப் போராட வேண்டாம், வெளியில் இருக்கும் தண்ணீர் அழுத்தும். கையால் சுற்றும் கண்ணாடி உள்ள பழைய காருக்கு இங்கே ஒரு நன்மை உண்டு: மின்சாரம் போனாலும் இறங்கும்.

பெல்ட் வெட்டியும் கண்ணாடிச் சுத்தியும் சேர்ந்த கருவி ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பக்கக் கண்ணாடியின் மூலையில் அடியுங்கள். முன் கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் படலம் உள்ளது, உடையாது. தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளையும்.

இழுத்துச் செல்லவும் முதலுதவிக்கும்

4 மீட்டர் நீளமுள்ள, 3 டன் தாங்கும் இழுவைப் பட்டை வாங்கி, காரில் கொக்கி மாட்டும் வளையம் துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். பம்பரில் கட்டாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பிரேக் கல்லைப் போல் இறுகும், பவர் ஸ்டீயரிங் கனக்கும். சாவி ஆனில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். 20 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையில் 1033 எண்ணில் உதவி கிடைக்கும். ஆம்புலன்ஸுக்கு 108.

முதலுதவிப் பெட்டியில் ரோலர் கட்டுத்துணி, காஸ் துணி, கையுறை, கத்தரிக்கோல், ஓஆர்எஸ் இருக்கட்டும். மாத்திரைகளைக் காரிலேயே விட்டுவைக்காதீர்கள், வெயிலில் கெட்டுவிடும்; கிளம்பும்போது கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் அடிபட்டவருக்கு உதவத் தயங்க வேண்டாம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்பவரைப் பாதுகாக்கிறது.

அடுக்கும் முறை

மேலாடை, டார்ச், கண்ணாடிச் சுத்தி, தீயணைப்பான் ஆகிய நான்கும் காருக்குள். முக்கோணம், கட்டைகள், ஜம்ப் கேபிள் டிக்கியில் எல்லாச் சாமானுக்கும் மேலே. ஜாக்கி, பலகை, ஸ்பேனர்கள் ஒரு கெட்டியான கான்வாஸ் பையில், ஆடாமல் கட்டி. பண்டிகைக்குக் கிளம்பும்போது ஐந்து பைகளும் அரிசி மூட்டையும் ஏறும் டிக்கி அது. ஸ்டெப்னியை எடுக்க எதையெல்லாம் இறக்க வேண்டும் என்று நினைத்து அடுக்குங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன், அபார்ட்மென்ட் பார்க்கிங்கில், பகலில் ஒருமுறையும் விளக்கை அணைத்து டார்ச்சில் ஒருமுறையும் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். காரை ஓட்டும் எல்லோரும் செய்து பார்க்கட்டும். நட்டு அசையாவிட்டால் அன்றே பஞ்சர் கடையில் தளர்த்தி, மறையைச் சுத்தம் செய்து, கையால் இறுக்கச் சொல்லுங்கள்.